வர்க்கி டப்பாவில் இருந்த மஞ்சள் நூல்

கோத்தகிரியில் ஒரு வீட்டுப் பரண்மேல் ஒரு வர்க்கி டப்பா இருந்தது. அதற்குள் ஒரு குரோஷா ஊசி, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் மஞ்சள் கம்பளி நூல் ஆகிய மூன்றும் குடியிருந்தன. வர்க்கி பிஸ்கட் தீர்ந்து வெகு காலமாகியும் வெண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. மூன்றுக்கும் அந்த வாசனை பழகிவிட்டது.

நூலில் பாதி உருண்டையாகக் கிடந்தது. மறுபாதி ஒரு குழந்தைப் போர்வையாக, அதுவும் அரைகுறையாக, பின்னப்பட்டிருந்தது. போர்வையின் கடைசிக் கண்ணி ஊசியின் கழுத்தில் மாட்டியிருந்தது.

குரோஷா பின்னலில் எத்தனை கண்ணி போட்டாலும் கடைசியாகப் போட்ட ஒன்றுதான் அவிழக் காத்திருக்கும். அதை விட்டால் அதற்கு முந்தியது, அப்புறம் அதற்கும் முந்தியது என்று மொத்தமும் பிரிந்துவிடும். அதனால் ஊசி தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

"நான் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நீ போர்வை. இல்லாவிட்டால் வெறும் நூல்" என்று அது அடிக்கடி சொல்லிக்காட்டும்.

"அரைப் போர்வை" என்று நூல் திருத்தும்.

"அரையோ முழுசோ, பிடிக்கிறவன் நான்தானே."

கத்தரிக்கோலுக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஒரு போர்வையில் அதற்கு இருப்பதே ஒரே வேலை. எல்லாம் முடிந்தபின் வந்து நூலை ஒரு முறை வெட்ட வேண்டும். அந்த ஒன்றுக்காக அது இரண்டு வருஷத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது. எப்போது முடியும் என்று கேட்டால் ஊசியும் நூலும் பதில் சொல்வதில்லை. பதில் அவற்றுக்கே தெரியாது.

போர்வை நின்றுபோன காரணம் மட்டும் மூன்றுக்கும் தெரியும். அதைப் பின்னியவள் இந்துமதி. அந்த வீட்டின் மூத்த மருமகள். கணவனும் கொழுந்தனும் சேர்ந்து நடத்தும் பேக்கரியில் கல்லாவில் உட்கார்பவள். தன் முதல் குழந்தைக்காகத்தான் அவள் பின்ன ஆரம்பித்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே தவறிப்போனது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவள் பின்னலை அப்படியே டப்பாவில் வைத்து மூடினாள். ஊசியை உருவக்கூட இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பேசினால் அவள் மனசு நோகும் என்று எல்லோரும் நினைத்தார்கள், பேசாததால் அது நொந்துகொண்டிருந்தது. டப்பாவுக்குள் மட்டும் நூல் அவனைப் பற்றிப் பேசும். "அவனுக்கு நான் கழுத்துவரை வந்திருப்பேன்" என்று சொல்லும். ஊசி கேட்டுக்கொள்ளும்.

ஒரு நாள் டப்பா திறந்தது.

திறந்ததற்குக் காரணம் இளைய மருமகள் கோகிலா. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு அந்த வாரம்தான் நடந்திருந்தது. இந்துமதியை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் நாகரிகம் தெரியாதவர்கள் அல்ல. கோகிலாவின் அம்மா பாக்கியம் மட்டும், சமையல்காரர் கலந்த சாதத்தைக் குழைத்துவிடுவார் போலிருக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள் கண்ணு என்று அவளிடம் கேட்டுக்கொண்டாள். இந்துமதி பார்த்துக்கொண்டாள். புளிசாதம் நன்றாகவே வந்தது. கூடத்தில் வளையல் அடுக்கி முடித்துவிட்டார்கள் என்பது அவளுக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. அன்று மாலையே கோகிலாவை மார்க்கெட்டுக்குக் கீழே இருக்கும் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

கோகிலாவும் கெட்டவள் அல்ல. கர்ப்பமான செய்தியை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டாள். இந்துமதிக்கு அது கொழுந்தன் வாயால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே சமையலறையில் ஈரத் தரையில் நடப்பதுபோல ஜாக்கிரதையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இந்துமதிக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தானும் ஒரு உறவாக இருக்க வேண்டும். குழந்தை வரும்போதெல்லாம் தன்னை அடுப்படிக்கு அனுப்பக் கூடாது. இதை வாயால் கேட்க அவளுக்கு வராது. ஒரு போர்வை பின்னிக் கொடுத்தால் கேட்டது மாதிரிதானே என்று நினைத்தாள். கடையில் புது நூல் வாங்கிக்கொள்ளலாம், டப்பாவிலிருந்து ஊசியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஊசியை எடுக்க வேண்டுமானால் கண்ணியிலிருந்து உருவ வேண்டும். உருவினாள்.

கண்ணி நழுவியது. அதைப் பிடிக்கப் போய் நூலைத் தொட்டாள். தொட்ட இடத்தில் ஒரு வரிசை சரசரவென்று பிரிந்தது. நிறுத்தியிருக்கலாம். அவள் இன்னொரு தடவை இழுத்தாள்.

"ஐயோ, பிடி" என்றது நூல் ஊசியிடம். "உன்னைத்தானே நம்பியிருந்தேன். இத்தனை நாள் பிடித்தாயே."

"நான் அவள் இடது கையில் இருக்கிறேன். நீ வலது கையில் இருக்கிறாய். நான் என்ன செய்ய?"

"என்னைப் பிரித்துவிட்டால் அவன் இருந்ததற்கு இந்த வீட்டில் வேறு அடையாளம் இல்லை."

இந்துமதி அழவில்லை, அவசரப்படவும் இல்லை. வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டே போனாள். முதன்முதலில் போட்ட முடிச்சு வந்ததும் அதையும் அவிழ்த்தாள். மடி நிறைய நூல் கிடந்தது. கண்ணி இருந்த இடத்திலெல்லாம் நெளிந்து, பாக்கெட் நூடுல்ஸ் மாதிரி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புது நூல் வாங்கும் யோசனையை விட்டுவிட்டாள்.

பின்னிப் பிரித்த நூலை அப்படியே மறுபடி பின்ன முடியாது. பழைய நெளிவு போகாமல் புதுக் கண்ணி சீராக வராது. அதற்கு ஒரு வழி உண்டு. நூலைப் பெரிய வளையமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட வேண்டும். இந்துமதி பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள்.

நூல் இறங்க மறுத்தது. கம்பளி நூல் சட்டென்று நனையாது. இது வேண்டுமென்றே மிதந்தது.

"உள்ளே வா, குளிராது" என்றது தண்ணீர்.

"வர மாட்டேன். ஒவ்வொரு நெளிவும் ஒரு கண்ணி இருந்த இடம். அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அழித்துவிடுவாய்."

"நான் எதையும் அழித்ததில்லை. இளக்கிவிடுவேன், அவ்வளவுதான்."

"அவன் போய்விட மாட்டானா?"

தண்ணீருக்கு யாருடைய கதையும் தெரியாது. எத்தனையோ துணியை அலசிய அனுபவம் மட்டும் உண்டு. "நெளிவு போகும். நூல் எங்கே போகப்போகிறது?" என்றது.

நூல் யோசித்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நனைந்துவிட்டது. இந்துமதி அதை நாலு தண்ணீர் மாற்றி அலசினாள். வெண்ணெய் வாசனை போயிற்று. பின்பக்கக் கொடியில் தொங்கவிட்டு, கீழே கனத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டை மாட்டினாள். காயும்வரை பூட்டும் நூலும் ஒன்றோடொன்று பேசவில்லை. காய்ந்தபோது நூல் நேராக இருந்தது. முன்னைவிட மெத்தென்றும் இருந்தது.

ஊசிக்கு மறுபடி வேலை வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் பின்னல் தொடங்கியதும் அதன் முகம் மாறிவிட்டது. போன தடவை பூப்பூவாக, இடைக்கிடை ஓட்டை விட்டு, பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும்படியான டிசைன். இந்தத் தடவை ஓட்டையே தெரியாத நெருக்கமான பின்னல். இப்படியும் அப்படியும் போய் வருவது, அதே கண்ணி, அதே வரிசை.

"இதற்கு என்னைப் போன்ற ஊசி எதற்கு? இதில் எனக்கு என்ன பெயர் கிடைக்கும்?" என்று புலம்பியது.

"ஓட்டை பெரிதாக இருந்தால் குழந்தையின் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்" என்றது நூல். "போன தடவை அவளுக்கு அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது விரலும் படுகிறது."

ஊசி முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தது. முணுமுணுக்கிறவர்கள் வேலையில் குறை வைப்பதில்லை, அந்த ஊசியும் வைக்கவில்லை.

இந்துமதி பேக்கரிக் கல்லாவிலேயே உட்கார்ந்து பின்னினாள். பன் கேட்டால் பன், ரொட்டி கேட்டால் ரொட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊசியை எடுப்பாள். போர்வை மடிக்கு மேல் வழிய ஆரம்பித்த ஒரு நாள் பாக்கியம் ரொட்டி வாங்க வந்தாள். குழந்தை பிறக்கும் முன்னே இதையெல்லாம் செய்வது அவ்வளவாக வழக்கமில்லை என்றாள். ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். தொட்டுப் பார்த்தாள். தொட்ட கை அங்கேயே நின்றது.

"நூல் புதுசுதானே கண்ணு?"

அது எந்த நூல் என்று பாக்கியத்துக்குத் தெரியாது. ஆனால் ஒரு மஞ்சள் போர்வையை அந்த மடியில் முன்பு பார்த்ததாக ஒரு சந்தேகம்.

"ஆமாங்க. போன வாரந்தான் வாங்கினேன்" என்றாள் இந்துமதி.

பாக்கியத்தின் முகம் தெளிந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று நூல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் சிக்கிக்கொண்டது.

"உனக்கு என்ன வந்தது?" என்றது ஊசி.

"நான் புதுசாம். போன வாரம் வாங்கினதாம். என்னை இல்லை என்று சொல்லிவிட்டாள்."

"உன்னையா, அவனையா?"

"ரெண்டும் எனக்கு ஒன்றுதான்."

கத்தரிக்கோல் சமாதானத்துக்கு வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் போர்வையைக் கையால்கூடத் தொடமாட்டாள், தவறிப்போன குழந்தைக்குப் போட்ட நூலைத் தன் பேரக்குழந்தைக்கு எந்தப் பாட்டி போர்த்தச் சம்மதிப்பாள், போய்ச் சேர வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர் என்று விளக்கியது. நியாயமான பேச்சுதான். நூலுக்கும் அது புரிந்தது. புரிந்ததற்காக வருத்தம் குறைந்துவிடவில்லை.

போர்வை முடிந்து, சுற்றிலும் ஓரம் கட்டுகிற வேலைதான் பாக்கி. மூன்று பக்கம் முடிந்திருந்தது. நாலாவது பக்கத்தில் ஊசி நுழையும்போது போன் வந்தது.

கோகிலாவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. ஆண்கள் இரண்டு பேரும் மைதா மூட்டை ஏற்ற மேட்டுப்பாளையம் போயிருந்தார்கள். இரண்டு நாளாக அடித்த மழையில் பாதையில் மரம் விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றன. கொழுந்தன் அங்கிருந்து பேசினான். அம்மாவும் பெண்ணும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விட்டார்கள், அவர்கள் தனியாக இருக்கிறார்கள், அண்ணி கொஞ்சம் போக முடியுமா என்று கேட்டான். கேட்கும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. இந்துமதி கல்லாவைப் பூட்டினாள். போர்வையை ஊசியோடும் மீதி நூலோடும் கத்தரிக்கோலோடும் ஒரு பையில் போட்டுக்கொண்டு குடையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. கோகிலாவை ஏற்கெனவே உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். பாக்கியம் எழுந்து எழுந்து கதவைப் பார்த்தாள். இந்துமதி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வேறு எதுவும் செய்யத் தெரியாமல் நாலாவது பக்கத்து ஓரத்தைப் பின்ன ஆரம்பித்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் இன்னொரு பை இருந்தது. அதிலிருந்து ஒரு புதுப் போர்வை எட்டிப்பார்த்தது. ரோஸ் கலர், நடுவில் ஒரு கரடி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. கோகிலாவின் அப்பா கோயமுத்தூரில் வாங்கி அனுப்பியது.

"நீ இன்னும் முடியவே இல்லையா?" என்று அது மஞ்சள் நூலைக் கேட்டது. "நான் பாக்டரியிலிருந்து வரும்போதே முடிந்துதான் வந்தேன்."

"எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்றது நூல்.

"குழந்தைக்கு முதலில் என்னைத்தான் போர்த்துவார்கள். கரடி இருக்கிறது பார்."

கரடியைப் பார்த்து ஊசிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கரடி அழகாகத்தான் இருந்தது. அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அவளை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நர்ஸ் குழந்தையை ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் துணியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், வீட்டுத் துணி கொடுங்கள் என்றாள்.

பாக்கியம் பையைத் திறந்தாள். திறந்தபடியே நின்றுவிட்டாள்.

பிறந்த குழந்தையின் உடம்பில் வீட்டார் போடுகிற முதல் துணி பழைய துணியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பல தடவை துவைத்து மெத்தென்று ஆனதாக, அந்தக் குடும்பத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். புதுசெல்லாம் பிறகுதான். இதற்கென்று பாக்கியம் தன் கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, வெந்நீரில் போட்டு அலசி, தயாராக வைத்திருந்தாள். தயாராக என்றால், வீட்டுக் கொடியில். மழையில் காயட்டும் காயட்டும் என்று விட்டதில் அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் எடுத்து வந்த பையில் இருந்ததெல்லாம் உறை பிரிக்காத புதுசு.

"என்னைத்தான் எடுக்கப்போகிறாள்" என்றது கரடிப் போர்வை.

பாக்கியம் அதை எடுத்தாள். பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள். தன் சேலையைப் பார்த்தாள். மழையில் நனைந்து முழங்கால்வரை சேறு. பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்கலாமா என்று ஒரு அடி வைத்தாள். யாரோ ஒரு குடும்பத்துத் துணி என்பதால் நின்றுவிட்டாள். அவள் பார்வை இந்துமதியின் மடிக்கு வந்தது. "அதுவும் புதுசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

இந்துமதியின் கை நின்றது. போர்வை போய்ச் சேர வேண்டும் என்று சொன்ன பொய்தான் இப்போது அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னாலோ, அது யாருடைய நூல் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கப்புறம் போர்வை மட்டுமல்ல, அவளும் இந்தக் குழந்தைப் பக்கம் வர முடியாமல் போகலாம். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டாள்" என்றது நூல். "இரண்டு வருஷமாகச் சொல்லாதவள் இப்போதா சொல்லப்போகிறாள்."

"கையில் நான் இருக்கிறவரைக்கும் பின்னுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்" என்றது ஊசி. பிறகு கொஞ்சம் தயங்கியது. "நான் உன்னை விட்டுவிட்டால்?"

"பிரிந்துபோவேன்."

"பயமாக இருக்கிறதா?"

"ஒரு தடவை பிரிந்தவன்தானே. விடு."

பிடித்துக்கொண்டிருப்பதையே பெருமையாகச் சொல்லி வந்த ஊசி அன்றுதான் முதல் தடவையாகத் தானே கைவிட்டது. அது இந்துமதியின் விரலிலிருந்து நழுவி, சிமெண்ட் தரையில் டிங்கென்று விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டது. கடைசிக் கண்ணி திறந்து நூல் நழுவத் தொடங்கியது. இந்துமதி பதறிப்போய் அந்தக் கண்ணிக்குள் தன் சுட்டுவிரலை விட்டுப் பிடித்துக்கொண்டாள். பின்னிக்கொண்டிருப்பதாகப் பாவனை பண்ண இனி கையில் எதுவும் இல்லை. தலை நிமிர்ந்தாள்.

"இது பழசுதாங்க" என்றாள்.

பாக்கியம் திரும்பினாள். "புதுசுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன். முன்னாடி பின்னிப் பிரிச்ச நூலுங்க இது. துவைச்சு, காயவெச்சு, மறுபடி பின்னினேன்."

யாருக்குப் பின்னியது என்று பாக்கியம் கேட்கவில்லை. கேட்க அவசியமில்லை. அவள் பச்சைத் துணிக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தாள். இந்துமதியைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் இருந்தது, பயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"வேண்டாங்கண்ணு. தப்பா நெனச்சுக்காதே" என்று மெதுவாகச் சொன்னாள்.

இந்துமதி தலையாட்டினாள். கண்ணியில் விட்ட விரலை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்த கோகிலா கண்ணைத் திறந்திருந்தாள். அசதியில் அவள் குரல் பெரிதாக வரவில்லை. வார்டு அமைதியாக இருந்ததால் கேட்டது.

"ஏம்மா வேண்டாங்கறே? அது இவளோட அண்ணனோடதுதானே. தங்கச்சி போட்டுக்கட்டும்."

அந்த வீட்டில் இதுவரை அவனை யாரும் அண்ணன் என்று சொன்னதில்லை. 'அந்தச் சமயம்', 'அப்போ நடந்தது' என்பார்கள். பெரியப்பா பையன் அண்ணன்தான் என்பதும், மூத்தவன் துணியை இளையது போட்டுக்கொள்வதும் ஊருக்கே தெரிந்த விஷயம். கோகிலாவே தன் கூடப்பிறந்த அக்காவின் பாவாடைகளைக் கட்டி வளர்ந்தவள், கட்டிவிட்டவள் பாக்கியம். அதனால் பாக்கியத்தால் அதை மறுக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மூத்ததோட துணி என்றால் சரிதான், அதில் ஒன்றும் தப்பில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

நர்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. யாராவது சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள், குழந்தைக்குக் குளிர்கிறது என்றாள்.

இந்துமதி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு. நூல் முனையைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு இழுத்தாள். முடிச்சு இறுகியது. இனி அது பிரியாது. நாலாவது பக்கத்து ஓரம் பாதியிலேயே நின்றது நின்றதுதான்.

"இவ்வளவுதானா?" என்றது கத்தரிக்கோல். இரண்டு வருஷம் காத்திருந்த வேலை இப்படிக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதே என்று அதற்கு ஏமாற்றமாக இருந்தது.

நர்ஸ் கோகிலாவைப் பார்த்து, யார் கையில் கொடுப்பது என்று கேட்டாள்.

"பெரியம்மாகிட்ட குடுங்க" என்றாள் கோகிலா.

நர்ஸ் கொடுத்தாள். இந்துமதி குழந்தையை மஞ்சள் போர்வையில் கிடத்திச் சுற்றினாள். நெருக்கமான பின்னல், அதனால் விரல் எதிலும் மாட்டவில்லை. குழந்தை ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கியது. இந்துமதி அப்போதுதான் அழுதாள். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். பாக்கியம் அவளை அழாதே என்று சொல்லவில்லை, அடுப்படிக்கும் அனுப்பவில்லை. பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த ஊசியை வார்டு பெருக்க வந்தவள் எடுத்துப் பையில் போட்டாள். அதன் கழுத்தில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதற்கு எப்படியோ இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கரடிப் போர்வைக்குத்தான் ஆறவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கௌரவத்தை விட்டுக் கேட்டுவிட்டது.

"அண்ணன், அண்ணன் என்றார்களே. இவ்வளவு நேரமாக இங்கே இருக்கிறேன், அந்த அண்ணனை நான் பார்க்கவே இல்லையே. அவன் எப்போது பிறந்தான்?"

மஞ்சள் நூல் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பேச மனமில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னது.

"அவனும் இன்றைக்குத்தான் பிறந்தான்."